இரண்டும் வலது கை

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள்,
முக்கூடல் பிராஞ்சுக்கு இலை வரவில்லை.
சுளகு சும்மா சுவரில் சாய்ந்திருந்தது.
அன்றைக்குத்தான் அந்தக் காகிதத்தைப் பிரித்தேன்.

வண்ணார்பேட்டையில் பழைய மிஷின் வாங்கப்போன
மதினி பிரம்மசக்தி
பேரத்தில் கேட்டு வாங்கி,
தனக்குப் புரியவில்லை என்று
என் தலையில் கட்டியது.
விரிக்க விரிக்க வளர்ந்தது.
தரையில் போட்டு நான்கு மூலைக்கும் பாரம் வைத்தேன்:
உப்புச் சாடி, அம்மிக் குழவி,
மகனின் கணக்குப் புத்தகம்,
என் வலது முட்டி.

ஒன்றின் மேல் ஒன்றாய் எத்தனை கோடுகள்!
முப்பத்தாறுக்கு நேர்கோடு,
முப்பத்தெட்டுக்குப் புள்ளி,
நாற்பதுக்குக் கோடும் புள்ளியுமாய்.
சித்திரையில் ஆறு
மணலுக்கிடையில் பிரிந்து பிரிந்து போகுமே, அப்படி.
'மடிப்பு இங்கே' என்றது ஓர் ஓரம்.
'தையலுக்கு அரை அங்குலம் விடவும்.'
விடவும் என்று
மரியாதையாகத்தான் சொல்லியிருந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து
இலைமேல் தகரத் தகட்டை வைத்து
சுற்றி வெட்டிய கை இது.
நரம்பளவு மீறினாலும்
கணக்கப்பிள்ளை ராஜகனி
கட்டையே தூக்கி ஒதுக்கிவிடுவார்.
'விடு' என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
நானும் விடவில்லை.

பழைய போர்வையில் தைத்த முதல் நைட்டி
தோளுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.
இரண்டு கையும் மேலே தூக்கியபடி
இருட்டுக்குள் நின்றேன்.
வெளியிலிருந்து மகன் கேட்டான்,
"எம்மா, உள்ள என்ன செய்த?"
அது இப்போது மிஷினுக்கு உறை.

அடுத்த தடவை
டேப்பை என்மேலேயே சுற்றினேன்.
ரவிக்கைக்கு அளவெடுக்கையில்
டெய்லர் சொல்வார், பையன் எழுதுவான்,
நோட்டு மூடிவிடும்.
என் எண்களை நான் பார்த்தது இப்போதுதான்.
மார்பு முப்பத்தெட்டு.
இடுப்புக்குக் கீழே நாற்பத்திரண்டு.
காகிதத்தில் இப்படியொருத்தி இல்லை.

சாக்கட்டியை எடுத்தேன்.
கைக்குழியில் புள்ளியோடு தொடங்கி,
விலாவில் மெல்லச் சரிந்து,
நாற்பதைத் தாண்டி
கோடே இல்லாத வெற்றிடத்தில் இறங்கினேன்.
தகடாயிருந்தால் கீச்சென்றிருக்கும்.
காகிதம் பேசாமல் கிடந்தது.
சுற்றிலும் அரை அங்குலம் விட்டேன்,
பயத்தில் முக்கால் அங்குலம்.

கத்தரி பீடிக் கத்தரிதான்.
இலைக்கு ஒரு சத்தம், துணிக்கு ஒரு சத்தம்;
துணி கொஞ்சம் யோசித்துத்தான் பிரிகிறது.

கை வெட்டும்போது
காகிதத்தைத் திருப்பிப்போட மறந்துவிட்டேன்.
வெட்டியபின் பார்த்தால்
இரண்டும் வலது கை.
மிச்சத் துணியில் ஒரு சாண்கூட இல்லை.
ஒன்றை உள்வெளியாய்த் திருப்பி இடப்பக்கம் வைத்தேன்.
பொருந்தியது.
வலது கையில் சிவப்புப் பூக்கள்,
இடது கையில் அதே பூக்களின் முதுகு.

காகிதம் சொல்லாத ஒன்றும் செய்தேன்:
வலப்பக்கத் தையலில் ஒரு பை.
பாஸ்புக்கு, சில்லறை, போன் எல்லாம்
எத்தனை வருசம்
ஜாக்கெட்டுக்குள்ளேயே வேர்க்கும்?

சனிக்கிழமை கூலி வாங்கி வந்து
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
நூல் வாங்க நடந்தேன்.
பத்து ரூபாய் கொடுத்தேன்,
அஞ்சு ரூபாய் மிச்சம்.
கையை விட்டேன், பை.
என் பை.
குளிர்ச்சியாய் ஏதோ
தொடை வழியே, முட்டி வழியே
இறங்கி இறங்கி
செருப்பின் பக்கத்தில் கிண்ணென்று விழுந்தது.
பையின் அடியை
யாரோ தைக்கவில்லை.

அப்போதுதானா வரவேண்டும் ராஜகனி!
சைக்கிளை நிறுத்தினார்.
துண்டுக்கு வெளியே தெரிந்த இடது கையில்
அவர் கண் நின்றது,
கட்டில் ஒரு பீடியைப் பார்ப்பதுபோல.
"ரெடிமேடா?" என்றார்.

நாணயத்தை மிதித்த காலை எடுக்காமல்,
ஆமாவுக்கும் இல்லைக்கும் பொதுவாய்
தலையாட்டிக்கொண்டு நின்றேன்,
அவர் போகிறவரைக்கும்.